மூன்றாம் வகுப்புப் பதிவேட்டில் உன் பெயர்

கார்த்திக்,

நேற்று நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். குக்கரே வைக்கவில்லை. உன் அப்பா தெருமுனை ஓட்டலிலிருந்து இட்லி வாங்கி வந்திருந்தார். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், நிமிராமலே, "எந்தக் குக்கர்?" என்று கேட்டார். இத்தனை வருஷம் டீச்சராக இருந்தும் எனக்குப் பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரியுமே தவிர, சொல்ல வராது. வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்யைத்தான் நேர்த்தியாகச் சொல்லியிருக்கிறேன். நீ அதைப் பற்றித்தான் கேட்டாய்.

"அம்மா, நான் உங்க ஸ்கூல்ல படிச்சேனா?" என்றாய். நூற்றாண்டு விழாக் குழுவிலிருந்து யாரோ ஒருவர் உன் தரமணி ஆபீசுக்கே போன் செய்து, வரும் ஞாயிற்றுக்கிழமை நீ முன்னாள் மாணவராக மேடையில் உட்கார வேண்டும், நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டாராம். பழைய பதிவேட்டில் உன் பெயர் இருக்கிறதாம். நீ சிரித்துக்கொண்டேதான் கேட்டாய், வேறு கார்த்திக்காக இருக்கும் என்ற நினைப்பில். வேறு கார்த்திக் இல்லை. அது நீதான். எழுதியவள் நான். போனில் சொன்னால் பாதியிலேயே நீ "பரவாயில்லம்மா, விடு" என்று சொல்லிவிடுவாய். நீ அப்படிப்பட்ட பிள்ளை. அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டுச் சொல்.

விழா மலருக்குப் பள்ளியின் வரலாற்றை நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழைய டீச்சர்களில் நடமாட்டத்தோடு இருப்பவள் நான் ஒருத்திதான் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஆறு பக்கம் எழுதினேன். மயிலாப்பூரில் மரக்கடை வைத்திருந்த ஒருவர் தன் வீட்டின் முன்கட்டை ஒழித்துக் கொடுத்து, பதினோரு பிள்ளைகளோடு பள்ளி ஆரம்பித்ததில் தொடங்குகிறது. அவருடைய மனைவி பெண் பிள்ளைகளும் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, வீடு வீடாகப் போய் அழைத்து வந்தது, பிறகு அரசு உதவி பெறும் பள்ளியானது, பின்கட்டை இடித்து மாடி எழுப்பியது, சத்துணவுக் கொட்டகை வந்தது, எல்லாம் வரிசையாக இருக்கிறது. அந்தத் தெருவிலேயே பள்ளிக்கு எதிரே தர்ம ஆஸ்பத்திரி, அதற்கு அடுத்த கட்டடத்தில் வாசகசாலை. மூன்றையும் தனித்தனி ஆட்கள் ஆரம்பித்தார்கள், ஆனால் மூன்றும் ஒரே வீட்டின் மூன்று அறைகள் போலத்தான் நடந்தன. பிள்ளைக்குக் காது வலி என்றால் எதிர்வாசலுக்கு அனுப்புவோம். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டால் அம்மாக்கள் வந்து கூட்டிப்போகும் வரை வாசகசாலைப் பெரியவர் பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்துக்கொள்வார். சத்தம் போடக் கூடாது என்று அவர் போடும் சத்தம்தான் தெருவுக்கே கேட்கும்.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'காலப்போக்கில் மாணவர் எண்ணிக்கை குறையத் தொடங்கியது.' அதை எழுதிவிட்டு அன்று முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. காலம் வந்து எந்தப் பிள்ளையின் கையையும் பிடித்து அழைத்துப் போகவில்லை, கார்த்திக். நாங்கள்தான் அழைத்துப் போனோம். அப்போது எங்கள் பள்ளியில் ஏழு டீச்சர்கள். ஏழு பேருடைய பிள்ளைகளும் வேறு எங்கேயோ இங்கிலீஷ் மீடியத்தில் படித்தார்கள். காலையில் உனக்கு டை கட்டி, அடையாறுக்குப் போகும் வேனில் ஏற்றிவிட்டு, அதே கையோடு நான் நடந்து போய், "தமிழ்ல படிச்சா நல்லா வரலாம்மா, இங்கேயே சேர்த்து விடு" என்று ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து வந்த தாய்மார்களிடம் பேசுவேன். அவர்கள் நம்பினார்கள். எனக்கே இல்லாத நம்பிக்கை அவர்களுக்கு என் பேச்சில் இருந்தது. நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் என் பிள்ளைக்குப் போதாது என்று முடிவு செய்தவள் நான். அதை ஒருநாளும் அப்படி வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில்லை.

நீ ஒன்றாம் வகுப்புக்குப் போன வருஷம் எங்களுக்கு எண்ணிக்கை இடித்தது. இத்தனை பிள்ளைக்கு இத்தனை ஆசிரியர் என்று கணக்கு உண்டு. தலை குறைந்தால் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் உபரி ஆசிரியராகி, எங்கே இடம் இருக்கிறதோ அங்கே போக வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவள் நான். ஊருக்கு வெளியே எங்கேயாவது தூக்கிப் போட்டால், நீ வேனில் வந்து இறங்கும்போது வீட்டில் ஆள் இருக்காது. பள்ளியைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்தேன். சேர்க்கைப் பதிவேட்டில் உன் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதினேன். ஆதார் எல்லாம் வராத காலம். ஒரு பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு பள்ளிக்கூடத்தில் படிக்கலாம், கேட்பாரில்லை. பெரிய டீச்சர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து தினமும் வருகைப் பதிவேட்டில் நீ வந்ததற்கான கோடு விழுந்தது. மூன்றாம் வகுப்பில் நானே உன் வகுப்பு டீச்சர் என்பதால், அந்தக் கோட்டையும் நானே போட்டேன். பெயரைச் சத்தமாக அழைக்காமல் கோட்டை மட்டும் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவேன்.

அந்த வருஷம்தான் இன்ஸ்பெக்ஷன் வந்தது. அதிகாரி பதிவேட்டைப் பார்ப்பதோடு விடாமல் தலையையும் எண்ணுகிறாராம் என்று முந்தின நாள் தெரிந்தது. உனக்கு வயிற்று வலி என்று உன் பள்ளிக்குச் சீட்டு எழுதி அனுப்பிவிட்டு, உன்னை என்னோடு அழைத்துப் போனேன். உன் அப்பா, "ஒரு நாள்தானே, போயிட்டு வரட்டும்" என்றார். இப்போது கேட்டால் தான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். சீருடைக்கு எங்கள் ஆயா கன்னியம்மாதான் வழி பண்ணினாள். தன் பேரனுடைய சட்டையைத் துவைத்துக் கொண்டுவந்து உனக்கு மாட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்தாள். "இன்னா டீச்சர், உம் புள்ளைக்கு சட்ட பெர்சா கீது. கைய மடிச்சி வுடு. அந்த ஷூவ கழட்டி ஆபீஸ் ரூம்ல வை, எங்க புள்ளைங்க ஷூ போட்டுக்கினா வருதுங்க?" என்றாள். நான் எல்லாவற்றையும் யோசித்திருந்தேன், உன் ஷூவைத் தவிர. அப்படித்தான் நினைத்தேன்.

உன்னைக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், ஷபானாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஷபானா யார் என்று உனக்கு நினைவிருக்காது. அவளுடைய அப்பாவுக்குப் பாண்டி பஜாரில் ஒரு சின்னத் தையல் கடை. வீட்டில் பேசுவது உருது. ஆனால் அந்த வகுப்பில் தமிழ் வாசிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அதிகாரி யாரையாவது வாசிக்கச் சொன்னால் அவள்தான் எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லி, அவளை முன் வரிசையில் உட்கார வைத்துப் பதினைந்து நாள் பழக்கியிருந்தேன். எறும்பைப் பற்றிய பாடம். அவள் அதை மூச்சு விடும் இடம் உட்பட மனப்பாடம் செய்திருந்தாள். அன்று காலையில், உன்னைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. நீ ஏதாவது உளறிவிடுவாய் என்று பயம். அதனால் அவளை முன் வரிசையிலிருந்து எழுப்பி, "இவனைப் பார்த்துக்கோம்மா, புதுசா வந்திருக்கான்" என்று சொல்லி உன்னிடம் அனுப்பினேன். அவள் ஒரு நிமிஷம் தன் பழைய இடத்தையே பார்த்தாள். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

அதிகாரி உள்ளே வந்ததும் வகுப்பு முழுக்க எழுந்து, நான் பழக்கியபடியே, "வணக்கம் ஐயா" என்று இழுத்துச் சொன்னது. அது அடங்கின பிறகு, தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு தனிக் குரல், "குட் மார்னிங், சார்" என்றது. உன் பள்ளியில் உனக்குப் பழக்கியதை நீ சரியாகச் செய்தாய். கன்னியம்மா வாசலில் நின்றபடி தலையில் கை வைத்துக்கொண்டது எனக்கு இப்போதும் தெரிகிறது. ஷூவைக் கழட்டினோம், வாயை மறந்துவிட்டோம். அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பரவாயில்லையே, இங்க்லீஷ் எல்லாம் வருதே. எங்க தம்பி, பாடம் வாசி பாப்போம்" என்றார். உனக்கு அப்போது தமிழில் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஒரு வரி வாசிப்பதற்குள் சாயந்திரமாகிவிடும். நான் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீ வாசித்தாய். தடங்கல் இல்லாமல், கணீரென்று, எறும்பின் பாடத்தை முழுசாக வாசித்தாய். அதிகாரிக்குத் தூண் மறைத்தது. எனக்கு மறைக்கவில்லை. ஷபானா தலையைக் குனிந்துகொண்டு, உதடு அசைவது தெரியாமல், ஒவ்வொரு வரியாக உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் விரல், உன் முன்னால் விரித்துவைத்த தன் புத்தகத்தில், வரியின் கீழே நகர்ந்தது. தான் வாசிக்க வேண்டிய பாடம் அது. யாரும் அவளைக் கேட்கவில்லை. பார்த்துக்கொள் என்று நான் சொன்னதை அவள் அப்படிப் புரிந்துகொண்டாள். அதிகாரி தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உன்னிடம் கொடுத்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போட என் பேனாவை வாங்கிக்கொண்டார். எங்கள் ஏழு பேருடைய இடமும் அப்படியே இருந்தது.

சாயந்திரம் லஸ் பக்கம் நடந்து வந்து உனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு நீ, "அம்மா, அந்தப் பொண்ணுதானே சொல்லிக் குடுத்தா? அவளுக்கு ஒண்ணும் தரலையே" என்றாய். "நாளைக்கு நான் தரேன், நீ குடி" என்றேன். தரவில்லை, கார்த்திக். மறந்துபோய் அல்ல. அவளுக்கு ஒரு பென்சில் கொடுத்தால்கூட, எதற்கு என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். மறுநாள் நான் பெயர் கூப்பிட்டு முடித்ததும் அவள் எழுந்து, "டீச்சர், கார்த்திக் வரலையா?" என்று கேட்டாள். "காய்ச்சல்மா" என்றேன். அடுத்த நாளும் கேட்டாள். உனக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தாள். ஒரு வாரம் கேட்டாள். ஒருநாள் நான் பெயர் கூப்பிட்டு முடித்த பிறகு, அவள் எழுந்திருக்காமல் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பலகையில் நகர்ந்து அந்த இடத்தில் தன் பையை வைத்துக்கொண்டாள். எட்டு வயதுப் பெண்ணுக்கு என் பொய் புரிந்துவிட்டது. அதற்கு அப்புறமும் அவள் என்னிடம் ஒரு குறையும் வைக்காமல் படித்தாள் என்பதுதான் என்னை வாட்டுகிறது.

உன் பேனாவின் கதை உனக்குத் தெரியும். தமிழ் நன்றாக வாசித்ததற்கு ஒரு அதிகாரி கொடுத்தது என்று சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். எந்தப் பள்ளியில் என்று யாரும் கேட்டதில்லை. உன் கல்யாணத்தின்போதுகூட உன் மாமியாரிடம் சொன்னேன். இப்போது உன் மேஜை டிராயரில் இருக்கிறது.

பிறகு நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். ஆற்றங்கரை வீடுகளைக் காலி செய்து ஊருக்கு வெளியே அனுப்பினார்கள். கன்னியம்மாவும் போனாள். "இம்மாந்தொலவுலேந்து எப்டி டீச்சர் வர்றது" என்று, போகும்போது பள்ளி மணியை ஒரு தடவை அடித்துவிட்டுப் போனாள். அவர்களோடு எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் போய்விட்டார்கள். தர்ம ஆஸ்பத்திரி வாரத்துக்கு இரண்டு நாள் என்று ஆனது. வாசகசாலையில் இப்போது வேலைக்குப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் தங்கள் புத்தகத்தைத் தாங்களே கொண்டுவந்து படிக்கிறார்கள், அதுவும் நல்லதுதான். பள்ளி மட்டும் எப்படியோ மூடாமல் நடக்கிறது. அதன் தலைமையாசிரியை இப்போது ஷபானா. அங்கேயே படித்து, அங்கேயே டீச்சராக வந்து, அங்கேயே தலைமையாசிரியை. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் ஐந்தாவது வரை படித்தார்கள். இதை அவள் என்னிடம் பெருமையாகச் சொன்னதில்லை. ஒருமுறை போனபோது நானே பார்த்தேன், சத்துணவு வரிசையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

போன புதன்கிழமை ஷபானா வீட்டுக்கு வந்தாள். குழுக்காரர்கள் உன் பெயரைக் கண்டுபிடித்ததையும், உன்னை அழைக்கப் போவதையும் சொன்னாள். அவளைப் பார்க்க முடியாமல் காபி டம்ளரைத் துடைத்துக்கொண்டே, "அவன் பேரை எடுத்துடும்மா" என்றேன். "ஏன் டீச்சர்?" என்றாள். "உனக்குத் தெரியாதா?" என்றேன். "தெரியும் டீச்சர். ஒரு நாள்தான் வந்தான். ஆனா அன்னிக்கு அவன் வந்ததாலதான் நீங்க அஞ்சாவது வரைக்கும் எங்களோட இருந்தீங்க. நான் எப்படி டீச்சர் அந்தப் பேரை அடிப்பேன்?" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "அவனோட டி.சி. இன்னும் கட்டுல இருக்கு. யாரும் வந்து வாங்கல. வந்தா வாங்கிக்கச் சொல்லுங்க" என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் போன பிறகு உன் அப்பா பக்கத்தில் வந்தார். டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கழுவி வைத்தார்.

நீ இப்போது உன் பெண் நிலாவுக்குப் பள்ளி தேடுகிறாய். எங்கள் பள்ளியில் சேர்த்துவிடு என்று சொல்ல எனக்கு வாயில்லை, அந்த உரிமையை உன் டையைக் கட்டிவிட்ட அன்றே இழந்துவிட்டேன். ஒன்று மட்டும் செய். எந்தப் பள்ளிக்குப் போனாலும் கட்டடத்தையும் நீச்சல் குளத்தையும் பார்த்துவிட்டு, அங்கே வேலை செய்கிற டீச்சர்களுடைய பிள்ளைகளும் ஆயாவுடைய பிள்ளைகளும் எங்கே படிக்கிறார்கள் என்று கேள். பதில் சொல்லத் தயங்கினால் அந்த டீச்சரைக் கோபித்துக்கொள்ளாதே. அவளுக்கும் என்னைப் போல ஏதாவது இருக்கும். ஆனால் கேள்.

இனி ஞாயிற்றுக்கிழமை விஷயம். மேடைப் பேச்சு, பொன்னாடை எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஒரு நிகழ்ச்சி வைத்திருக்கிறார்கள். ஒரு பழைய வகுப்பின் பதிவேட்டை எடுத்து, பழைய டீச்சரே பெயர் கூப்பிட வேண்டும். வந்திருப்பவர்கள் எழுந்து 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்ல வேண்டும். குழுக்காரர்கள் எனக்குக் கொடுத்திருப்பது அந்த மூன்றாம் வகுப்பு. எழுதிக் கொடுத்த வரலாற்றை நேற்றே திரும்ப வாங்கி, ஐந்தாம் பக்கத்தில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, நடந்ததைச் சுருக்கி எழுதிக் கொடுத்துவிட்டேன். அச்சில் வரும். உன் பெயரும் வரும், அதற்கு முன்கூட்டியே உன்னிடம் கேட்காததற்கு என்னை மன்னித்துவிடு. ஆபீசில் யாராவது படித்து உனக்குச் சங்கடம் வந்தால், எல்லாம் அம்மா செய்தது என்று சொல். அதுதான் உண்மை.

நீ மேடையில் உட்கார வேண்டாம். கீழே, மற்றவர்களோடு உட்கார். உன் பெயர் பதினேழாவது, ஷபானாவுடையது முப்பத்தொன்று. அந்த வருஷம் முழுக்க வாய்க்குள் விழுங்கிய உன் பெயரை, ஞாயிற்றுக்கிழமை மைக்கில் சத்தமாகக் கூப்பிடப் போகிறேன். 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்லிவிடாதே. எழுந்து நின்று, 'ஒரு நாள்தான் வந்தேன், டீச்சர்' என்று சொல். மீதி நாளெல்லாம் கோடு போட்டவள் யார் என்பதை அங்கேயே நான் சொல்லிவிடுவேன். பிறகு நான் முப்பத்தொன்றாவது பெயரைக் கூப்பிடுவேன். அவள் எழுந்து நிற்கும்போது நீ அவள் பக்கத்தில் போய், டிராயரில் இருக்கும் பேனாவை அவளிடம் கொடு. நாளைக்குத் தருகிறேன் என்று உனக்கு நான் ரோஸ் மில்க் கடையில் சொன்னது அதுதான்.

அம்மா